தாய்ப்பால் பத்தவில்லை என்ற பயம் எல்லா ஊரிலும் உண்டா?

முகில்_சிங்கை எழுதியது:

வணக்கம் தோழிகளே. சிசேரியன் ஆகி இன்னும் ஒரு மாதம் முடியவில்லை. முதல் குழந்தை, பையன். நாங்கள் இருப்பது சிங்கப்பூரில். தஞ்சாவூரிலிருந்து அம்மா வந்து கூட இருக்கிறார்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மார்பைப் பிடிப்பவன் பத்து மணி வரை விடுவதில்லை. கொஞ்ச நேரம் குடிப்பான், கண் அசருவான், கீழே கிடத்தினால் வீல் என்று கத்துவான். ஆரம்பத்தில் கல்லாய்க் கனத்த மார்பு இப்போது தொளதொள என்று கிடக்கிறது. பம்ப் வைத்துப் பார்த்தால் புட்டியின் அடிதான் நனைகிறது. வீடியோ காலில் பார்த்த அத்தை, "என்னடி, பிள்ளை வாடினாப்ல இருக்கானே, பால் பத்தலையோ?" என்று கேட்டார். அன்று ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கமில்லை.

அம்மா பூண்டைப் பாலில் வேகவைத்துத் தருகிறார். பால் சுறா கிடைக்குமா என்று தேக்கா சந்தையில் தேடிக்கொண்டிருக்கிறார். எதிர்வீட்டு சீன ஆன்ட்டி பப்பாளிக்காய் போட்ட மீன் சூப் கொண்டுவந்தார். பப்பாளி என்றதும் அம்மா பதறிப்போய் அதை என் கண்ணிலேயே காட்டவில்லை. என்னோடு வேலை பார்க்கும் ஃபிலிப்பினோ பெண் கேட்டாள்: "முருங்கைக்கீரை போட்டுக் கோழி சூப் வை, எங்கள் ஊரில் இதற்கு மாத்திரையே விற்கிறார்கள், உங்களுக்குத் தெரியாதா?" முருங்கைக்கீரையை ஒரு தஞ்சாவூர்க்காரிக்கு மணிலா சொல்லித் தருகிறது!

எல்லா ஊரிலும் பால் பெருக்க ஒரு சாப்பாடு இருக்கிறது என்றால், எல்லா ஊரிலும் பால் பத்தாமல் போகிறதா? இல்லை, எனக்கு மட்டும்தான் நிஜமாகவே இல்லையா?

செவிலி_மதுரை எழுதியது:

தங்கச்சி, மார்பையும் பம்பையும் விடுங்கள். நாப்பியைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை நன்றாக ஒன்றுக்குப் போகிறான்? மலம் என்ன நிறம்? பிறந்த எடைக்குத் திரும்பிவிட்டானா? கடைசியாக எப்போது எடை பார்த்தார்கள்?

இதற்குப் பதில் தெரியாமல் பால் இருக்கிறது, இல்லை என்று யார் சொன்னாலும், அது அத்தையாக இருந்தாலும் நானாக இருந்தாலும், வெறும் ஊகம்தான்.

யாழினி_டொரோண்டோ எழுதியது:

முகில், உங்களுக்கு மட்டும் இல்லை. எனக்கு இரண்டு பிள்ளைகள், இரண்டு முறையும் இதே பயம்தான். முதல் பிள்ளை யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். அம்மம்மா கொத்தமல்லி, மிளகு, மஞ்சள், வேர்க்கொம்பு எல்லாம் அரைச்சுச் சரக்குக்கறி வைச்சுத் தருவா. உள்ளி, அதாவது பூண்டு, நிறையப் போடுவா. குடும்பநல மாது, அதாவது அந்தப் பகுதி மருத்துவச்சி, வீட்டுக்கு வந்து பிள்ளையை நிறுத்துப் பார்த்து, நான் பால் கொடுக்கிற மாதிரியையும் பார்த்திட்டுப் போவா. இலங்கையில் 2016 கணக்கெடுப்பின்படி ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைகளில் 82 சதவீதத்துக்குத் தாய்ப்பால் மட்டும்தான். அந்த மாதுமார் படலைக்குள் வந்து போறதுக்கும் இதற்கும் தொடர்பு இருக்கு என்றுதான் நான் நினைக்கிறேன்.

இரண்டாவது பிள்ளை இங்கே கனடாவில். பயத்தை வாய்விட்டுச் சொன்ன உடனே கையில் டொம்பெரிடோன் சீட்டு வந்தது. பக்கத்து நாடான அமெரிக்காவில் 2004-லேயே இதைப் பால் சுரக்கக் கொடுக்க வேண்டாம் என்று எச்சரிச்சிருக்கினம், இதயத் துடிப்பைப் பாதிக்கலாம் என்று. இங்கே சாதாரணமாக எழுதுகினம். ஒரே மருந்து, நயாகராவுக்கு அந்தப் பக்கம் ஆபத்து, இந்தப் பக்கம் ஆறுதல்! நான் வாங்கி வைச்சிட்டு, முதலில் பால் ஆலோசகரிடம் போனேன். பிள்ளை காம்பை மட்டும் சப்பிக்கொண்டு கிடந்திருக்கு. வாயை அகலத் திறந்து கருவட்டமும் உள்ளே போகப் பிடிக்க வைச்ச பிறகு மாத்திரைக்கு வேலை வரவில்லை.

டுசல்டார்ஃப்_ரம்யா எழுதியது:

ஜெர்மனியிலிருந்து நானும் ஒன்று சொல்கிறேன். இங்கே பிரசவத்துக்குப் பிறகு ஹெபாமெ எனப்படும் மருத்துவச்சி வீட்டுக்கே வருவார், செலவு காப்பீட்டில் போய்விடும். அருமையான ஏற்பாடு. பால் சுரக்க அவர் சொல்வது பெருஞ்சீரகம், சோம்பு, கேரவே விதை போட்ட தேநீர். கடைத் தட்டு முழுக்க இருக்கும். கொஞ்சம் பழைய ஆட்களைக் கேட்டால் மால்ட் பீர் குடி என்பார்கள், ஆல்கஹால் இல்லாத அந்த இனிப்புக் கறுப்புத் தண்ணீர். நிஜ பீரையும் சிலர் சொல்வதுண்டு. ஆனால் ஆல்கஹால் உள்ளே போனால் பால் இறங்குவது மட்டுப்பட்டு, அடுத்த சில மணி நேரம் குழந்தைக்குக் கிடைப்பது குறையும் என்று சோதித்தே பார்த்திருக்கிறார்கள்.

இங்கே எனக்கு வந்த வில்லன் அத்தை இல்லை, தராசு. மருந்துக்கடையில் குழந்தைத் தராசு வாடகைக்குத் தருவார்கள். பால் கொடுக்கும் முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை நிறுத்து வித்தியாசத்தைக் குறித்து வைப்பது. காலையில் 90 கிராம், மாலையில் 30 கிராம். அந்த 30-ஐப் பார்த்தால் பகீர் என்கும். என் ஹெபாமெ ஒருநாள் அந்தத் தராசைத் தூக்கிக்கொண்டு போய்க் கடையில் கொடுத்துவிட்டார். "வாரம் ஒரு முறை நான் நிறுத்துப் பார்க்கிறேன், நீ பிள்ளையைப் பார்" என்றார்.

புதுஅப்பா_ஓசூர் எழுதியது:

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இவ்வளவு மன உளைச்சல் எதற்கு? டின் பால் இருக்கிறதே. ராத்திரிக்கு ஒரு புட்டி கொடுத்தால் குழந்தையும் தூங்கும், தாயும் தூங்குவாள். என் மனைவிக்கு நான் அதைத்தான் சொன்னேன்.

செவிலி_மதுரை எழுதியது:

தம்பி, அக்கறையில் சொல்கிறீர்கள், புரிகிறது. ஆனால் பால் ஊறும் கணக்கைத் தெரிந்துகொண்டு சொல்லுங்கள். மார்பு காலியாகக் காலியாகத்தான் சுரப்பு வேகம் எடுக்கும். நிறைந்தே கிடந்தால், இவ்வளவு போதும் போல என்று உடம்பே குறைத்துக்கொள்ளும். சுரக்க வைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் இரவில்தான் அதிகம். நீங்கள் சொல்லும் அந்த ராத்திரிப் புட்டி, குழந்தை அதிகம் கேட்கவேண்டிய நேரத்தில் கேட்காமல் தூங்க வைக்கிறது. இன்றைக்கு ஒரு புட்டி, அடுத்த வாரம் இரண்டு, மாசக் கடைசியில் "பார், நான் அப்பவே சொன்னேன், பால் பத்தலை" என்று ஆகும். இதை வார்டில் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

சிசேரியன் ஆன தாய்க்குப் பால் நன்றாக ஊறி வர ஒன்றிரண்டு நாள் கூடுதலாக ஆகலாம். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் 2019-21 சுற்றில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் சுமார் 45 சதவீதம் சிசேரியன். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே குடித்தவை 55 சதவீதம். நாடு முழுக்கப் பார்த்தால் 64. ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்ப்பதில் முன்னணியில் இருக்கிற மாநிலம் இதில் பின்னால் நிற்கிறது. அந்த முதல் ரெண்டு நாள் தாயின் பக்கத்தில் உட்கார ஆள் இல்லை, டின் மட்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. குழந்தைப் பால் மாவுக்கு விளம்பரம் செய்யக்கூடாது என்று 1992-லேயே சட்டம் போட்டாயிற்று. விளம்பரம் இல்லாமலே பயம் அதை விற்றுக் கொடுக்கிறது.

தைராய்டு_அம்மா எழுதியது:

செவிலி அக்கா சொல்வது பெரும்பாலோருக்குச் சரி. ஆனால் இந்த மாதிரி இழைகளில் எல்லாரும் "பால் இருக்கிறது, உனக்கு நம்பிக்கைதான் இல்லை" என்று சொல்லும்போது என்னைப் போன்றவர்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதனால் சொல்கிறேன்.

எனக்கு நிஜமாகவே இல்லை. பிரசவத்தில் ரத்தப்போக்கு அதிகம், அதோடு தைராய்டு அளவும் கீழே கிடந்தது. பூண்டு, வெந்தயம், தண்ணீர்விட்டான் கிழங்குப் பொடி, திருஷ்டி கழிப்பது, எல்லாம் ஆயிற்று. குழந்தை நாள் முழுக்க மார்பிலேயே கிடந்தாள், எடை இறங்கிக்கொண்டே போனது. அழவும் தெம்பில்லாமல் தூங்கியதைப் பார்த்துச் சமத்துப் பிள்ளை என்றார்கள். முதலில் பார்த்த மருத்துவமனையில் என் ரத்தத்தைச் சோதிக்க யாருக்கும் தோன்றவில்லை. "இன்னும் முயற்சி பண்ணுங்க" என்று அனுப்பினார்கள்.

அதிக ரத்தப்போக்கில், செவிலி அக்கா சொன்ன புரோலாக்டினைத் தரும் பிட்யூட்டரி சுரப்பி பாதிக்கப்படலாம். நஞ்சுக்கொடியில் துண்டு உள்ளே தங்கினாலும் பால் சரியாக ஊறாது. மார்பில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், பால் சுரக்கும் திசுவே குறைவாக அமைந்தவர்கள் என்று ஒரு சிறு கூட்டம் இருக்கிறது. எங்களுக்கு டின் பால் சோம்பேறித்தனம் அல்ல, மருந்து. கடைசியில் நான் மெல்லிய குழாயை மார்போடு ஒட்டிவைத்து, குழந்தை சப்பும்போதே டின் பாலும் போகும்படி கொடுத்தேன். கொஞ்சம் என்னுடையது, மிச்சம் அது. புதுஅப்பா, உங்கள் மீது எனக்குக் கோபமில்லை, ஆனால் உங்கள் மனைவி என்ன சொன்னார் என்று நீங்கள் எழுதவே இல்லையே.

புதுஅப்பா_ஓசூர் எழுதியது:

அவளிடம் கேட்டுவிட்டு வருகிறேன்.

நூலகப்பூனை எழுதியது:

இந்த விஷயத்தை மானுடவியல் பாடத்தில் கொஞ்சம் படித்திருக்கிறேன். முகில் கேட்ட கேள்வியை 1980-ல் கஸ்லர், ப்ரீஸ்மைஸ்டர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கேட்டார்கள். ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத நாடுகளில், பால் கொடுப்பதை நிறுத்திய தாய்மார்கள் ஏன் ஒரே காரணத்தைச் சொல்கிறார்கள், பால் போதவில்லை என்று? அவர்கள் கண்ட விடை சாப்பாட்டில் இல்லை. தாயையும் சேயையும் பிரித்து வைத்து, இடைவெளி விட்டுப் பால் கொடுக்கும் வழக்கம் எங்கெல்லாம் நுழைந்ததோ அங்கெல்லாம் இந்தப் பேச்சும் வந்தது என்றார்கள்.

அதே ஆண்டில் கலஹாரி பாலைவனத்துக் குங் மக்களைப் பற்றி ஓர் ஆய்வு வெளிவந்தது. அங்கே குழந்தை நாள் முழுக்கத் தாயின் இடுப்பில். குடிப்பது ஒரு நேரத்துக்கு இரண்டு நிமிடம் போல, ஆனால் கால் மணி நேரத்துக்குள் மறுபடி வாய் வைத்துவிடும். இதற்கு நேர் எதிர்த்துருவம் நியூசிலாந்து. ட்ரூபி கிங் என்ற மருத்துவர் 1907-ல் பிளங்கெட் சங்கத்தைத் தொடங்கி, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் பால், இரவில் கிடையவே கிடையாது என்று கடிகாரத்தைக் கையில் கொடுத்தார். அது பிரிட்டனுக்கும் போனது. ஆங்கில மருத்துவம் படித்தவர்கள் வழியாக நம் பக்கமும் கொஞ்சம் வந்திருக்கும் என்பது என் யூகம். "மூணு மணிக்கொரு தடவை கொடு, இல்லாட்டி பழகிடும்" என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் உண்டே.

சாப்பாட்டுக்கு வருகிறேன். மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியாவில் கெனெபா என்றொரு கிராமம். வறுமை, அரைவயிறு. அங்கே பால் கொடுக்கும் தாய்மார்களுக்குத் தினமும் கூடுதல் சத்துணவு கொடுத்து, பால் எவ்வளவு கூடுகிறது என்று பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் அளந்தார்கள். 1983-ல் முடிவு வந்தது: பாலின் அளவு கூடவில்லை. உடம்பு தன்னை உருக்கியாவது பாலைத் தந்துகொண்டிருந்திருக்கிறது. ஆகவே பூண்டும் பால் சுறாவும் பாலுக்காக இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்காக. அந்த ஒரு காரணமே போதுமே, நன்றாகச் சாப்பிடுங்கள்.

ராஜம்மா_கும்பகோணம் எழுதியது:

பேத்தி இந்தப் பக்கத்தைக் காட்டினாள். நான் ஐந்து பெற்றவள். எங்கள் காலத்தில் தராசும் இல்லை, பம்பும் இல்லை, பயமும் இல்லை என்று சொன்னால் நம்பாதீர்கள். பயம் இருந்தது. பால் வற்றினால் யார் கண்ணோ பட்டுவிட்டது என்போம். மாராப்பு விலகப் பால் கொடுத்தால் மாமியார் அதட்டுவார். சீம்பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கொட்டச் சொன்னதும் இந்த மாமியார்கள்தான். தெருவில் கழுதை ஓட்டிக்கொண்டு வருபவனைக் கூப்பிட்டு ஒரு சங்கு கழுதைப்பால் புகட்டுவார்கள்.

ஆனால் ஒன்று, பிள்ளை பெற்றவள் அடுப்படிக்குப் போகமாட்டாள். பத்தியக் குழம்பு தட்டோடு வரும். பிள்ளை அழுதால் மார்பில் போட்டுக்கொண்டு படுத்துக் கிடப்போம், வேறு வேலை கிடையாது. நூலகப்பூனை சொன்ன அந்தப் பாலைவனத்துப் பெண்கள் மாதிரி, கணக்கே கிடையாது. இப்போது பிள்ளை ரெண்டு தடவை சேர்ந்தாற்போல் அழுதால் போன் எடுக்கிறார்கள்.

நூலகப்பூனை எழுதியது:

பாட்டி, கண் படுவது இத்தாலியின் தெற்கிலும் உண்டு, பாலுக்கும் சேர்த்தே. மெக்சிகோவில் இன்னொன்று: பால் கொடுப்பவள் கடுங்கோபம் கொண்டாலோ திடுக்கிட்டாலோ பால் கெட்டுவிடும், வற்றிவிடும் என்பார்கள். மூடநம்பிக்கை என்று தள்ளிவிடவும் முடியாது. சுரந்த பாலை வெளியே தள்ளுவது ஆக்சிடோசின் என்ற ஹார்மோன். பயமும் வலியும் அவமானமும் அதைத் தற்காலிகமாகத் தடுக்கும். பால் உள்ளேயே இருக்கும், இறங்காது. "பால் பத்தலையோ" என்று கேட்பதுகூட ஒருவகைக் கண்ணேறுதான் என்று எனக்குத் தோன்றும்.

கேஎல்_கவிதா எழுதியது:

மலேசியாவிலிருந்து ஓர் எச்சரிக்கை. கீரை, மூலிகை என்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கேயும் இந்தோனேசியாவிலும் பால் சுரக்க ஒரு கீரை சமைப்பார்கள். சேக்குர் மானிஸ், காத்துக் என்பார்கள். ஊரில் மல்டிவிட்டமின் கீரை என்று தொட்டியில் வளர்க்கிறார்களே, அதுதான். சமைத்து அளவாகச் சாப்பிட்டுத் தலைமுறைகள் ஓடியிருக்கின்றன. 1990-களின் நடுவில் தைவானில் இதைப் பச்சையாக அரைத்து எடை குறைக்கச் சாறாகக் குடித்தார்கள். பலருக்கு நுரையீரலின் சிறு குழாய்கள் மீளாத அளவுக்கு அடைபட்டுப் போயின. கொரியாவில் பிள்ளை பெற்றவள் வாரக்கணக்கில் கடற்பாசி சூப் குடிப்பாள். அதில் அயோடின் அளவுக்கு மிஞ்சினால் குழந்தையின் தைராய்டுக்கு ஆகாது என்று ஆஸ்திரேலியாவில் எச்சரித்திருக்கிறார்கள்.

முகில், பப்பாளிக்காய் சூப்பைத் தாராளமாகக் குடிக்கலாம். மசக்கைக்குத்தான் நம் ஆட்கள் பப்பாளிக்குப் பயப்படுவார்கள், பிள்ளைதான் வெளியே வந்தாயிற்றே! ஆன்ட்டியின் சூப்பும் அம்மாவின் பூண்டும் ஒரே தட்டில் இருக்கட்டும்.

முகில்_சிங்கை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பாட்டி எழுதியதை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன், கழுதைப்பால் வரை தலையாட்டினார். தைராய்டு அம்மா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு என் பிரசவக் கோப்பைப் புரட்டினேன். ரத்தப்போக்கு சாதாரணம்தான், தைராய்டும் கர்ப்பத்தில் பார்த்தபோது சரியாக இருந்தது.

செவிலி அக்கா, நாப்பி ஒரு நாளைக்கு ஏழெட்டு நன்றாக நனைகிறது. மலம் கடுகு மஞ்சள். பிறந்தபோது 3.1 கிலோ, ஆஸ்பத்திரியை விட்டு வரும்போது 2.9, இரண்டாவது வாரம் பார்த்தபோது 3.15. அதற்குப் பிறகு பார்க்கவில்லை. வரும் வியாழன் பாலிகிளினிக்கில் நிறுப்பார்கள்.

செவிலி_மதுரை எழுதியது:

பிறகென்ன தங்கச்சி? முதல் சில நாளில் பிறந்த எடையில் 7 சதவீதம் வரை இறங்குவது சகஜம், 10 தாண்டினால்தான் விசாரிக்க வேண்டும். உன் பையன் ஆறு சதவீதம் போல இறங்கி, இரண்டு வாரத்தில் மீட்டுவிட்டான். வியாழக்கிழமை பார்க்கும்போது அந்த இரண்டாவது வாரத்திலிருந்து நாளுக்கு 20 முதல் 30 கிராம் கணக்கில் ஏறியிருந்தால் யார் வீடியோ காலில் எது சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதே. அப்படி ஏறவில்லை என்றால் உடனே யாழினி சொன்ன மாதிரி பால் குடிக்கும்போது பார்க்கச் சொல், அங்கே ஆலோசகர்கள் இருப்பார்கள். வரைபடத்தில் புள்ளி வைப்பார்கள், அது 2006-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்டதுதானா என்றும் கேட்டுக்கொள். அது டெல்லி, அக்ரா, ஒஸ்லோ, மஸ்கட் என்று ஆறு இடங்களில் தாய்ப்பால் குடித்து வளர்ந்த குழந்தைகளை வைத்துப் போட்டது. அதற்கு முந்தைய அமெரிக்க வரைபடத்தில் பெரும்பாலும் புட்டிப்பால் குழந்தைகள். அதில் வைத்துப் பார்த்தால் நன்றாக வளர்கிற பிள்ளைகூட மூன்று நான்கு மாதத்துக்குப் பிறகு பின்தங்குவது போலத் தெரியும்.

சாயங்காலம் விடாமல் குடிப்பது பெரும்பாலான கைக்குழந்தைகள் செய்வதுதான். மார்பு தளர்வது பால் வற்றியதால் அல்ல, தேவைக்கேற்ப ஊற உடம்பு பழகிக்கொண்டிருப்பதால். பம்பில் வருவதை அளவாக எடுத்துக்கொள்ளாதே, குழந்தை உறிஞ்சுவதுபோல் எந்த இயந்திரமும் உறிஞ்சாது. பிள்ளை எழுப்பினாலும் எழாமல் சோர்ந்து கிடந்தாலோ, நாப்பி நனைவது குறைந்தாலோ, செங்கல் நிறத்தில் கறை தெரிந்தாலோ வியாழன் வரை காத்திருக்காதே, அன்றே தூக்கிக்கொண்டு ஓடு.

புதுஅப்பா_ஓசூர் எழுதியது:

மனைவியிடம் கேட்டேன். புட்டி வேண்டாமாம். ராத்திரி குழந்தையை எழுந்து தூக்கிக்கொண்டுவந்து தரவும், நாப்பி மாற்றவும், தண்ணீர் எடுத்து வைக்கவும் ஆள் வேண்டுமாம். சரி என்றிருக்கிறேன்.

பொன்னி_சேலம் எழுதியது:

நடுவில் ஒரு சந்தேகம். எனக்குக் கர்ப்பத்தில் வந்த சர்க்கரை இன்னும் போகவில்லை, மாத்திரை சாப்பிடுகிறேன். மாமியார் காலையும் மாலையும் வெந்தயக் கஞ்சி தருகிறார், பால் ஊறட்டும் என்று. வியர்வையிலேயே ஒருவித இனிப்பு வாசம் வருகிறது. இது சரியா?

செவிலி_மதுரை எழுதியது:

வாசம் வெந்தயத்தால்தான், பயமில்லை. ஆனால் வெந்தயம் ரத்தச் சர்க்கரையை இறக்கும், மாத்திரையும் இறக்கும். இரண்டும் சேர்ந்தால் படபடப்பு, கைநடுக்கம், மயக்கம் வரலாம். குழம்பில் தாளிக்கும் அளவு பரவாயில்லை, தினமும் இரண்டு வேளைக் கஞ்சியைச் சர்க்கரை மருத்துவரிடம் கேட்காமல் தொடர வேண்டாம். நிலக்கடலை, கொண்டைக்கடலை ஒவ்வாமை உண்டா என்றும் சொல்லுங்கள், உண்டென்றால் வெந்தயமே வேண்டாம். குழந்தைக்கு எத்தனை மாதம்? நாப்பி எத்தனை?